செல்லுக்குள் ஒரு குக்கர் விசில்

குக்கரை ஏற்றியவுடன் விசில் வருவதில்லை. உள்ளே ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் வெயிட் சட்டென்று எழும்பும், விசில் அடிக்கும், ஆவி இறங்கும், மறுபடி சேரத் தொடங்கும். நம் உடம்பிலுள்ள செல், தான் இரண்டாகப் பிரியும் நேரத்தைப் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

அந்த ஆவியைக் கண்டுபிடித்தவர் டிம் ஹன்ட். 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, அவற்றுக்குள் புதிதாக உண்டாகும் புரதங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவந்தார். மற்ற புரதங்கள் கூடிக்கொண்டே போயின. ஒன்று மட்டும் கூடி, முட்டை பிரியும் வேளையில் மறைந்துபோனது. பிறகு மறுபடி கூடியது. அதற்குச் சைக்ளின் என்று பெயரிட்டார். சைக்ளின் தனியாக நின்று எதையும் செய்யாது. செல்லில் எப்போதும் இருக்கும் சி.டி.கே. என்ற நொதியோடு சேர்ந்தால்தான் அதற்கு வேலை.

சேர்ந்தவுடனே செல் பிரிந்துவிடுமா? பிரியாது, மேலே வெயிட் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1970களில் எடின்பரோவில் பால் நர்ஸ் ஒருவகை ஈஸ்ட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் சில செல்கள் வழக்கமான அளவில் ஏறக்குறைய பாதி இருக்கும்போதே பிரிந்தன. அவற்றில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு 'வீ' என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'குட்டி' என்று பொருள். சி.டி.கே. மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை அமுக்கி வைப்பது இந்த 'வீ' புரதம்தான். வெயிட் லேசாக இருந்தால் சோறு வேகுமுன்னே விசில் வந்துவிடும் அல்லவா, அதே கதை.

பாஸ்பேட்டை எடுத்துவிட வேறொரு புரதம் உண்டு. விடுபட்ட சி.டி.கே. அந்தப் புரதத்தை இன்னும் முடுக்கிவிடும், கூடவே 'வீ'யை முடக்கும். அதனால்தான் தயக்கமில்லாமல் ஒரேயடியாக விசில் அடிக்கிறது. பிறகு அதே சி.டி.கே. சைக்ளினைச் சிதைக்கும் வேலையையும் தொடங்கிவைக்கிறது. குக்கரில் ஆவி வெளியே போகும். செல்லில் சைக்ளின் உள்ளேயே துண்டு துண்டாகிறது. உவமை அங்கே கொஞ்சம் இடிக்கும்.

1987இல் நர்ஸின் குழு, சி.டி.கே. பழுதான ஈஸ்ட்டுக்கு மனிதனின் சி.டி.கே. மரபணுவைக் கொடுத்துப் பார்த்தது. ஈஸ்ட் பிழைத்து, ஒழுங்காகப் பிரிந்தது. மனிதனும் ஈஸ்ட்டும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளாவது ஆகியும் ஒருவர் குக்கருக்கு இன்னொருவர் சாமான் பொருந்துகிறது! ஹன்ட், நர்ஸ், லேலண்ட் ஹார்ட்வெல் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்ட்வெல் சேர்த்தது, நடுவில் நிறுத்திச் சரிபார்க்கும் ஏற்பாடு என்ற கருத்து. டி.என்.ஏ.வில் முறிவு இருந்தால் செல் அடுத்த கட்டத்துக்குப் போகாது, பழுதுபார்க்கும்வரை நிற்கும். நகலெடுத்த 46 குரோமோசோம்களையும் இருபக்கமும் இழைகள் பற்ற வேண்டும். ஒன்று விடுபட்டாலும், கடைசி இலைக்குச் சோறு வராத பந்திபோல எல்லாம் காத்திருக்கும். பழுது தீராது என்றால், பி53 என்ற புரதம் செல்லையே சாகச் சொல்லும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53 கெட்டுப்போயிருக்கிறது.

ஆனால் அடுப்பைப் பற்றவைப்பது யார்? வெங்காயம் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், இரத்தத் தட்டணுக்கள் வளர்ச்சித் தூதுகளை வெளியிடும். அருகிலுள்ள செல்களில், சைக்ளின் வகைகளில் முதலாவது அதற்குப் பிறகுதான் கூடத் தொடங்கும், ஆர்.பி. என்ற பூட்டு திறக்கும், டி.என்.ஏ. நகலெடுப்பு ஆரம்பமாகும். காயம் ஆறியதும் தூது நிற்கும், அடுப்பும் அணையும். சில மார்பகப் புற்றுநோய்களில் அடுப்பு அணைவதில்லை. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசைக்ளிப் என்ற மருந்து, அந்த முதல் சைக்ளினோடு சேரும் சி.டி.கே.க்களைத் தடுக்கிறது. ஆர்.பி. பூட்டு திறக்காமலே இருக்கிறது.