இணையம் ஏன் தாமதிக்கிறது? – பிங் கட்டளையின் தொழிற்பாடு

மாணவர்களே, பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இணையப் பக்கம் திறக்காவிட்டால் "லைன் ஸ்லோ" என்று சொல்லிவிடுகின்றோம். பிழை வீட்டு இணைப்பிலா, இடைவழியிலா, சேவையகத்திலா? அளந்து பார்த்தே இதனை அறியலாம்.

தாமதம் என்றால் என்ன?
ஒரு பொதி சேவையகத்தை அடைந்து, அதற்கான மறுமொழி திரும்பி வர எடுக்கும் நேரமே தாமதமாகும். இது மில்லிசெக்கனில் (மி.செ.) அளக்கப்படும். பட்டையகலம் என்பது வேறு. ஏ9 வீதியை எவ்வளவு அகலமாக்கினாலும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான தூரம் குறையாது அல்லவா?

பிங் கட்டளை
1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறிய எழுதிய சிறிய செய்நிரலே பிங். நீரடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே இப்பெயராயிற்று.

படிமுறை
1. தொடக்க நேரத்தைக் குறிக்க.
2. எதிரொலிக் கோரிக்கைப் பொதியை அனுப்புக.
3. மறுமொழி வந்ததும் முடிவு நேரத்தைக் குறிக்க.
4. முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழிக்க.
5. குறித்த நேரத்துள் மறுமொழி வராவிடின் "இழப்பு" எனக் கொள்க.
6. பல தடவை செய்து இழிவு, உயர்வு, சராசரிப் பெறுமானங்களைக் காட்டுக.

விண்டோஸ் கணினியில் இக்கட்டளை வழமையாக 4 பொதிகளை அனுப்பும்.

உதாரணக் கணிப்பு
ஒளியிழையில் ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கி.மீ. கொழும்புக்கு 400 கி.மீ. எனக் கொண்டால், போய்வரும் தூரம் 800 கி.மீ.
800 ÷ 200,000 = 0.004 செக்கன் = 4 மி.செ.
இதுவே ஆகக் குறைந்த தாமதம். இடையிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரம் இதனுடன் சேரும்.

விளைவைக் கொண்டு பிழையைக் காணல்
• முதலில் வீட்டு ரவுட்டருக்குப் பிங் செய்க. அங்கேயே தாமதம் அதிகமெனின் பிழை வீட்டினுள் உள்ளது.
• ரவுட்டர் விரைவாகவும் சேவையகம் தாமதமாகவும் மறுமொழி தந்தால், பிழை வீட்டுக்கு வெளியே உள்ளது.
• இரண்டும் விரைவாக மறுமொழி தந்தும் பக்கம் திறக்காவிடின், இணையத்தளச் சேவை நெரிசலில் இருக்கலாம். பெறுபேற்று நாளில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. அப்போது மீண்டும் மீண்டும் அழுத்துவது நெரிசலையே கூட்டும்.

கவனிக்க: சில சேவையகங்கள் பாதுகாப்புக்காகப் பிங்கிற்கு மறுமொழி தருவதில்லை. எனவே "இழப்பு" மட்டும் கண்டு சேவையகம் செயலிழந்தது என முடிவு செய்யலாகாது.

பயிற்சி: புவிநிலைச் செய்மதியின் உயரம் ஏறத்தாழ 36,000 கி.மீ. பொதியும் மறுமொழியும் அவ்வழியே செல்லின், ஆகக் குறைந்த தாமதம் யாது? (ஒளிவேகம் செக்கனுக்கு 300,000 கி.மீ.)
விடை: 4 × 36,000 ÷ 300,000 = 0.48 செக்கன் = 480 மி.செ.