தண்ணீருக்கு அடியில் ஒரு வாத்தியார் வேலை



"பெரியவளாகி என்ன ஆகப் போற?" என்று கேட்டால் நாம் டீச்சர், நர்ஸ், போலீஸ் என்று சொல்வோம். இப்படியும் ஒரு டீச்சர் வேலை இருக்கிறது. வகுப்பறை தண்ணீருக்கு அடியில் இருக்கும். சில சமயம் தண்ணீர் நிறைந்த குகைக்குள் இருக்கும். கரும்பலகை கிடையாது. வாய் திறந்து பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். ஆழத்திலும் குகையிலும் முக்குளிக்கக் கற்றுத் தரும் பயிற்சியாளர் வேலை அது.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். போன வருடம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த சமயம், ஆற்றில் குளித்த வெளியூர் அண்ணன் ஒருவரை இழுத்துக்கொண்டு போனது. என் மாமா நல்லா நீந்துவார். யோசிக்காமல் குதித்தார். அவரையும் சேர்த்து இழுத்தது. கரையில் இருந்தவர்கள் கயிறு போட்டு மாமாவை மட்டும்தான் தூக்க முடிந்தது. இப்பவும் மாமா சொல்வார்: "எனக்கு உள்ள போகத் தெரிஞ்சுச்சு தாயி. எப்பத் திரும்பணும்னு தெரியல." அதைத்தான் இந்த வாத்தியார்கள் கற்றுத் தருகிறார்கள்.

முக்குளிப்பு நமக்குப் புதுசா?

இல்லை. தூத்துக்குடிக் கடலில் நம் ஆட்கள் பல நூறு வருடமாக முத்துக் குளித்தார்கள். தம் பிடித்து, கல்லின் பாரத்தில் இறங்குவார்கள். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே மேலே இழுப்பார். இப்போது முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இதற்கு ஸ்கூபா என்று பெயர்.

ஆழம் எவ்வளவு?

நம் வைகை அணை நிரம்பினால் 71 அடி. பெரியாறு அணையில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு 142 அடி. சாதாரண ஸ்கூபாவுக்கு எல்லை 40 மீட்டர், அதாவது சுமார் 130 அடி. அதற்குக் கீழே போவதும், குகைக்குள் நெடுந்தூரம் போவதும் 'டெக்னிக்கல்' முக்குளிப்பு.

இலங்கையில் மட்டக்களப்புக்குப் பக்கத்துக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அது கிடக்கும் ஆழம் சுமார் 53 மீட்டர். நம் பெரியாறு அணை அஸ்திவாரத்திலிருந்து உச்சி வரை 176 அடி. அதுவும் சுமார் 53 மீட்டர்தான். அதாவது முழு அணையும் முங்கிவிடும் ஆழம்! டெக்னிக்கல் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இறங்கிப் பார்க்கிறார்கள்.

அதில் என்ன ஆபத்து?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 50 மீட்டரில் மேலே இருப்பதைப் போல 6 மடங்கு. மேலே 60 நிமிடம் வரும் காற்று அங்கே 10 நிமிடத்தில் தீர்ந்துபோகும். இன்னொன்று, காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். சோடா பாட்டிலைப் படக்கென்று திறந்தால் நுரை பொங்குகிறதல்லவா? அதுபோல வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் குமிழ் வரும். கை கால் விளங்காமல் போகலாம், உயிரே போகலாம். அதனால் அங்கங்கே நின்று நின்றுதான் மேலே வரவேண்டும். ஆழத்தில் நைட்ரஜன் குடித்தவர் மாதிரி மயக்கமும் தரும். அதனால் மிக ஆழத்துக்குப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த காற்றைக் கொண்டுபோவார்கள்.

குகை இன்னும் பொல்லாதது. லோயர் கேம்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறதே, அதன் நடுவில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே பாறை. மூச்சு முட்டினால் மேலே வர முடியாது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். காலை வேகமாக அடித்தால் எருமை கலக்கின குட்டை மாதிரி சேறு கிளம்பி ஒன்றும் தெரியாது.

கணக்கு வாத்தியார் சொன்ன விதி

அமெரிக்காவில் ஷெக் எக்ஸ்லி என்று ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் இருந்தார். குகைகளில் இறந்தவர்கள் ஏன் இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979-இல் புத்தகம் எழுதினார். அவர் காட்டிய முக்கியமான விதிகள்:

1. வாசலிலிருந்து அறுபடாத கயிறு போட்டுக்கொண்டே போக வேண்டும்.
2. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. 210 அளவு இருந்தால் 70 குறைந்ததும் திரும்பிவிட வேண்டும், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் சரி.
3. பழகின ஆழத்தைத் தாண்டக் கூடாது.

முறையான பயிற்சியும் மூன்று விளக்குகளும் கட்டாயம் என்பதும் சேர்ந்துகொண்டது. மிக ஆழத்துக்குப் போகும் முயற்சியில் 1994-இல் மெக்சிகோவில் அவரே இறந்துபோனார். தண்ணீருக்கு வாத்தியார், மாணவன் என்ற பேதம் இல்லை.

2018-இல் தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டார்கள். ஜூன் 23-இல் உள்ளே போனவர்களை ஜூலை 2-இல் இரண்டு பிரிட்டன் குகை முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஜூலை 10-க்குள் 13 பேரும் வெளியே வந்தார்கள். ஆனால் அவர்களுக்காகக் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் வழியிலேயே உயிர்விட்டார்.

எப்படி ஆவது?

10 வயதிலேயே சிறுவர் பயிற்சியில் சேரலாம். புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவில் கடலில் கற்றுத் தருகிறார்கள். பிறகு பிறரைக் காப்பாற்றும் பயிற்சி, முதலுதவி. 18 வயது முடிந்து, 100 முறையாவது முங்கியிருந்தால் சாதாரணப் பயிற்சியாளர் ஆகலாம். அதன்பின் டெக்னிக்கல் பயிற்சி, குகைப் பயிற்சி. குகைப் பயிற்சிக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா, மெக்சிகோ போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். குகைக்குள் பல வருடம் பழகிய பிறகுதான் அங்கே பாடம் நடத்தலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் பரீட்சை என்ன தெரியுமா? 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். நம் வகுப்புப் பெண்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? எனக்கே தெரியாது. ஆறு இருக்கிற ஊரில் இது வெட்கம்தானே!

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி நீச்சல்?" என்று அம்மா திட்டினார்கள். அம்மாச்சிதான், "தண்ணி என்ன ஆம்பள பொம்பள பாத்தா இழுக்குது?" என்று கேட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இந்த லீவில் தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் கயிறும் முதுகில் காலி கேனும் கட்டி மாமா சொல்லித் தரப் போகிறார்.

நண்பர்களே! யாராவது தண்ணீரில் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, சேலை, காலிக் குடம், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். பெரியவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். 112-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

இறங்கத் தெரிந்தால் போதாது, திரும்பவும் தெரிய வேண்டும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, வீரபாண்டி