உஷார்! சாவியைக் கொடுக்கும் முன் வாடகைக் கணக்கைப் போடுங்கள்

உங்கள் பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திலிருந்து வந்து சொல்லிவிட்டார்களா? கருணைத்தொகை தருகிறோம், காலி செய்யுங்கள் என்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று முதலில் பாருங்கள்.

காலி செய்யாமல் இருக்கவும் முடியாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று 24 வீடுகளோடு அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. கூரையில் கம்பி தெரிகிற வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்லி யாரும் உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. வெளியே போன பிறகும் ஆபத்து இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முன்பு 8,000 ரூபாயாக இருந்த கருணைத்தொகையை 24,000 ஆக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரே தடவைதான் கொடுப்பார்கள். கட்டடம் ஒன்றரை வருஷத்தில் முடிந்துவிடும் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் ஆகிறது. சென்னையில் இந்தப் பணத்துக்கு எந்தத் தெருவில் வீடு கிடைக்கும்? 6,000 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை பிடிக்கிறீர்கள், ஹவுஸ் ஓனர் அஞ்சு மாச அட்வான்ஸ் கேட்கிறார் என்றால் 30,000 ஆயிற்று. புரோக்கர் கமிஷன் ஒரு மாச வாடகை. பீரோவையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிப்போக மீன்பாடி வண்டிக்கூலி. முதல் மாச வாடகை கொடுக்கும் முன்பே தொகை கரைந்து, தண்டல்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். வேலை இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று இழுத்தால் அந்த வாடகை முழுக்க உங்கள் தலையில்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரே வீட்டில் தடுப்புக் கட்டிக்கொண்டு மகன் குடும்பம், மகள் குடும்பம் எல்லாம் இருப்பீர்கள். ஒதுக்கீடு ஒன்று என்றால் தொகையும் ஒன்றுதான். வெளியே போனால் வாடகை மட்டும் இரண்டாகும், மூன்றாகும். வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறோம் என்றதுமே, ஆள் அதிகம் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற ஓனர்களும் இருக்கிறார்கள். மலிவு வாடகைக்காக ஊருக்கு வெளியே போனால், நாலு வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்குப் பஸ் பிடித்து வருவதற்குள் வேலை போய்விடும்.

அதனால் வாரியத்தின் கணக்கெடுப்பில் உங்கள் பெயர், கதவு எண், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றனவா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வேறொருவர் வீட்டிலும் ஒரு செட் வையுங்கள். கட்டி முடிந்ததும் இதே இடத்தில் வீடு உண்டா, நீங்கள் கட்ட வேண்டிய பங்குத்தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். தனித்தனியாகப் போகாமல் பிளாக் முழுக்கச் சேர்ந்து மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

புது வீடு உங்கள் பெயரில் வர வைக்கிறேன் என்று பணம் கேட்டு வருகிறவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதைவிட அதிகம் தருவதாக நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம்.

வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் கைகழுவ வேண்டாம். புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை மாதாமாதம், அந்தந்தப் பகுதி வாடகையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். கட்டடம் தாமதமானால் அந்த வாடகையை ஏழைக் குடும்பம் சுமக்கக் கூடாது.