குடிவழியும் பரம்பரையலகும்

மட்டக்களப்பு மக்கள் குடியைத் தாய்வழியாகவே எண்ணுவர். தாயின் குடி எதுவோ, அதுவே பிள்ளையின் குடி. மார்பகப் புற்றுநோயையும் சிலர் இவ்வழக்கின்படியே கணக்கிடுவதைக் கரடியனாற்றில் கண்டேன். "தாய்க்கு இல்லை, மகளுக்கும் வராது" என்றார் ஒரு பெரியவர். விஞ்ஞானம் கூறுவதோ வேறு.

1866ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் இந்நோய் தலைமுறைதோறும் தொடர்ந்ததைப் பதிவு செய்தார். காரணம் புலப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1990இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மேரி கிளேர் கிங், 17ஆம் நிறமூர்த்தத்தில் அதன் இருப்பிடத்தைச் சுட்டினார். அதுவே பி.ஆர்.சி.ஏ.1 என்னும் பரம்பரையலகு. இது கேடு செய்யப் பிறந்ததன்று. கலத்தினுள் அறுந்த டி.என்.ஏ. இழையைச் சீர்செய்யத் துணைநிற்பது. இது பழுதுற்றால் பிழைகள் குவிந்து, புற்றுக்கு வழி திறக்கும். பெற்றோருள் எவரிடம் இப்பழுது இருப்பினும், பிள்ளையைச் சேரும் வாய்ப்பு 50 விழுக்காடு. நோயின்றி வாழ்ந்த தந்தையும் அதனை மகளுக்கு வழங்கிவிடலாம். குடி தாய்வழி, பழுதோ இருவழி.

நோய் தோன்றுவது ஒன்று. உடலெங்கும் பரவுவது மற்றொன்று. 1889இல் ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், இந்நோயால் இறந்த 735 பேரின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, புற்றுக்கலத்தை விதைக்கும், அது சென்றடையும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். வயலோடு வாழும் கரடியனாற்று மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? எல்லா விதையும் எல்லா நிலத்திலும் முளைப்பதில்லை. இங்கும் பரம்பரையலகுகளின் பங்கு பெரிது. கலங்களைப் பிணைத்து நிற்கும் ஈ-கதெரின் புரதத்துக்குரிய அலகு செயலிழப்பின், கதிரிலிருந்து மணி உதிர்வதுபோல் கலங்கள் பிரியலாம். ஹெர்-2 அலகு மிகையாகப் பெருகினால் வளர்ச்சி விரைவுறும். அதனைத் தடுக்கும் திரஸ்துசுமாப் மருந்து 1998 முதல் பயன்பட்டு வருகின்றது. இம்மாற்றங்களிற் பெரும்பாலானவை பிறப்பில் வந்தவையல்ல. வாழ்நாளில் அக்கலங்களுக்குள்ளேயே நேர்ந்தவை.

நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையான மார்பகப் புற்றுகளே பரம்பரைப் பழுதால் வருவன. ஆதலின் குடும்பத்தில் நோயில்லை என்பது காப்பும் அன்று. உண்டு என்பது தலைவிதியும் அன்று. எனினும், திருமணப் பேச்சுக் கெடுமென்று அஞ்சி, மாமிக்கும் பெரியம்மாவுக்கும் வந்த நோயை வீடுகள் மறைக்கின்றன. மறைக்கப்படுவது வெறும் செய்தியன்று. இளைய பெண்ணொருத்தி காலத்தே மருத்துவரை நாடுவதற்கான எச்சரிக்கை. ஆசிரியர்களே, மாணவர்களே! நம் பெண்டிரைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம். அங்கே தந்தைவழி உறவினரின் நோயையும் தயங்காது சொல்லச் செய்வோம்.