உழவர் உதவித் தொகை யாருக்குச் சேர்கிறது?

‘மானியம்’ என்னும் சொல் நம் திருவண்ணாமலைப் பகுதிக்குப் புதிதன்று. முற்காலத்தில் கோயிலுக்கும் ஊர் ஊழியம் செய்வோருக்கும் வரியின்றி விடப்பட்ட நிலத்திற்கே அப்பெயர் வழங்கிற்று. இன்று சர்க்கார் அளிக்கும் உதவியை அவ்வாறு அழைக்கிறோம். அவற்றுள் அங்கத்தினர்கள் அடிக்கடி வினவும் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதியைப் பற்றி இங்கு விளக்குவோம்.

2019 பிப்ரவரி 24-இல் துவக்கப்பட்ட இத்திட்டத்தின்படி, ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கணவன், மனைவி, வயது வராத மக்கள் ஆகியோர் சேர்ந்ததே ஒரு குடும்பம். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுடையோருக்கே என்றிருந்தது. அவ்வரம்பு அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

ஐரோப்பிய நாடுகளில் நேரடி உதவி பெரும்பாலும் நிலப்பரப்பை ஒட்டியே அளிக்கப்படுகிறது. ஆகவே பெரும் பண்ணைக்குப் பெரும் தொகை போகிறது. நம் திட்டத்தில் தொகை யாவர்க்கும் ஒன்றே. 5 ஏக்கர் உடையவருக்கு ஏக்கருக்கு ரூ.1,200 கிடைக்க, அரை ஏக்கரில் மணிலா பயிரிடுபவருக்கு ஏக்கர்க் கணக்கில் ரூ.12,000 ஆகிறது. சிறியவருக்கு இதுவே அனுகூலம்.

வருமான வரி செலுத்துவோர், கடைநிலை ஊழியர் நீங்கலான சர்க்கார் ஊழியர், மாதம் ரூ.10,000-க்குக் குறையாத ஓய்வூதியம் பெறுவோர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர் முதலியோர் இதைப் பெறலாகாது. தறி நெய்வது தடையன்று. ஆரணியில் பட்டு நெய்யும் அங்கத்தினர் தம் பெயரில் சாகுபடி நிலம் வைத்திருந்தால், மற்ற விதிகளுக்கும் உட்பட்டவராயின், உரிமையுடையவரே. நிலமில்லாதவர் எவராயினும் உரிமையற்றவர்.

இவ்விதி மீறப்பட்டதன் விளைவை 2020-இல் கண்டோம். நம் மாவட்டம் உட்படத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில், தகுதியற்ற ஐந்து லட்சத்திற்கும் அதிகமானோர் பதிவு செய்யப்பட்டு, ரூ.110 கோடிக்கு மேல் வழங்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. அதிகாரிகளின் கடவுச்சொல்லைத் தரகர்கள் பயன்படுத்தியதே வழியாக இருந்தது. ஒப்பந்த ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். குற்றப்பிரிவு விசாரணை நடந்தது. கொடுத்த பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. தரகரிடம் ஆதார் நகலைக் கொடுத்த ஏழைகளே வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது.

மற்றொரு குறை விதியிலேயே உள்ளது. பட்டா யார் பெயரிலோ அவருக்கே பணம். குத்தகைக்கோ வாரத்திற்கோ உழுபவருக்கு ஒன்றுமில்லை. ஒடிஷா மாநிலம் 2018-இன் இறுதியில் அறிவித்த ‘காலியா’ திட்டத்தில் வாரதாரரையும் நிலமற்ற உழவுக் குடும்பங்களையும் சேர்த்தது. நம் மாநிலத்தில் குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லேயே இயற்றப்பட்டது. ஆயினும் வாய்மொழிக் குத்தகை ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாதவரை எத்திட்டமும் தேடி வருவதில்லை.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. தகப்பனார் காலமான பின்னும் அவர் பெயரிலேயே நிற்கும் பட்டாவை வாரிசுகள் தாமதமின்றி மாற்றிக்கொள்க. 2019 பிப்ரவரி முதல் தேதிக்குப் பின் நிலம் கைமாறியிருந்தால் வாரிசு முறையில் வந்ததற்கே இத்திட்டத்தில் இடமுண்டு; ஆதலின் அதற்குரிய பத்திரங்களைப் பத்திரப்படுத்துக. ஆதார், வங்கிக் கணக்கு, நிலப்பதிவு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா எனப் பார்க்க. பதிவைத் தரகரிடம் விடாது, வேளாண்மை அலுவலகத்தை நேரில் அணுகுக.

மாதக் கணக்கில் இது ரூ.500 மட்டுமே. ஆயினும் உரியவர் கையில் சேரும் ஐந்நூறு, விதைப்புக் காலத்தில் ஒரு கடனைக் குறைக்கும்.