விசிறி சுழன்றால் போதுமா?



கோடைக்காலப் பிற்பகல். அறையின் வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விடுகிறோம். பத்து நிமிடம் கழித்து அறையின் வெப்பநிலை எவ்வளவு குறைந்திருக்கும்?

37 என்பீர்கள் சிலர். 35 என்பீர்கள் சிலர். சிறிதும் குறையாது என்பதே சரியான விடை! விசிறி காற்றை அசைக்கும் கருவியே அன்றி, குளிர்விக்கும் கருவி அன்று. அப்படியானால் விசிறியின் கீழ் உட்கார்ந்தால் நமக்குக் குளுமையாக இருப்பது ஏன்? இதற்கு விடை கண்டால், கோடையில் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைப் பாதுகாக்கும் வழியும் தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியரின் அனுமதியுடன் இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டுங்கள். மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டையும் விசிறிக்கு நேராகத் தொங்க விடுங்கள். உலர்ந்த வெப்பமானியின் அளவு மாறாது. ஈரத்துணி சுற்றியதோ பல டிகிரி இறங்கி நிற்கும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. நீர் ஆவியாக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் துணியிலிருந்தும் குமிழிலிருந்தும் நீர் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். விசிறியின் வேலை, ஈரக்காற்றை விலக்கி ஆவியாதலை விரைவுபடுத்துவது. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும்.

ஒரு சிறு கணக்கு

நம் உடலும் ஓர் அடுப்புதான். சும்மா படுத்திருக்கும் முதியவர் ஒருவரின் உடலில் மணிக்குச் சுமார் 70 கிலோகலோரி வெப்பம் உண்டாகிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. அறை அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், வெப்பம் தானாகவே வெளியேறும். அறை அதைவிடச் சூடாகிவிட்டால் வெப்பம் திரும்பி உடலுக்குள் பாயும். அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வைதான்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே 70 கிலோகலோரியை வெளியேற்ற மணிக்கு 120 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். வியர்வை சுரக்காமல் அந்த வெப்பம் உடலிலேயே தங்கினால், 60 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பநிலை ஒரு மணியில் 1 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். இயல்பான நிலை 37 டிகிரி. 40ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து!

முதியவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

வயது ஏறஏற வியர்வைச் சுரப்பிகளின் வேலை குறைகிறது. தோலுக்குப் பாயும் இரத்தமும் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாக உணர்வு மங்குகிறது. உடலில் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே, "எனக்குத் தாகம் இல்லையப்பா" என்று பாட்டி சொல்வது பொய்யன்று. இரத்த அழுத்தத்திற்குத் தரும் சில மருந்துகள் நீரை மேலும் வெளியேற்றும். (அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.)

குளிருக்குப் பழகிய ஐரோப்பாவில் 2003 ஆகஸ்டில் கடும் வெப்ப அலை வீசியது. பிரான்சில் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். வெயிலில் அலைந்தவர்களுக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணுவது தவறு. பலர் இறந்தது தங்கள் வீட்டிற்குள்ளேயேதான். வெயிலுக்குப் பழகிய நாமும் அசட்டையாக இருக்க முடியாது. அதே ஆண்டு மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வியர்வை குறைந்த முதியவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே, சுமார் 38 டிகிரி என்று 2021ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கூறுகிறது. எனவே அத்தகைய வேளையில் விசிறியை மட்டும் நம்ப வேண்டாம். ஈரத்துணியால் அவர்களின் முகம், கழுத்து, கை, கால்களை அடிக்கடி நனையுங்கள். சுரக்காத வியர்வையின் வேலையை அந்தத் தண்ணீர் செய்யும்.

கேட்கும்வரை காத்திராமல், மணிக்கொரு முறை தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே கொடுக்க வேண்டும்.

காங்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கீழே உமிழும். ஆகையால் மாடி அறையில் இருப்பவர்களைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுங்கள். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். பகலில் வெயில் படும் சன்னல்களை மூடி, வெளிக்காற்று குளிர்ந்த பின் திறந்து வையுங்கள்.

பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால், தோல் அனலாய்ச் சுட்டால், அல்லது மயங்கி விழுந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். இது கிருமியால் வந்த காய்ச்சல் அன்று. ஆகவே காய்ச்சல் மாத்திரையால் இது தணியாது.

இந்தக் கோடையில் உங்களுக்கு ஒரு வேலை. தாத்தா பாட்டி இருக்கும் அறையில் ஒரு வெப்பமானியைத் தொங்க விட்டு, பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அளவைக் குறித்து வாருங்கள். 35ஐத் தாண்டிய நாள்களில் தண்ணீர்க் குவளையும் ஈரத்துணியும் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் முதியவர் இருந்தால், நாளுக்கு இரண்டு முறை அவர் வீட்டுக் கதவையும் தட்டிப் பாருங்கள்.