ராஜீவ் படுகொலை வழக்கு: கூண்டேறாதவர்களும் கோப்புகளில் காத்திருந்தவர்களும்

புது தில்லி: ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் விடுதலையான சாந்தன், 2024 பிப்ரவரி 28ஆம் தேதி சென்னையில் உயிரிழந்தார். அவரது உயிர் பிரிந்த இடம் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இலங்கை செல்வதற்கான பயண ஆவணம் கைக்கு வந்திருந்த நேரம். முப்பதாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த தாயிடம் அவரது உடல்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது.

எஞ்சிய இலங்கையர் மூவரான முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகியோர் அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி கொழும்புக்கு விமானம் ஏற்றி அனுப்பப்பட்டனர். இந்தியாவின் மிகப் பெரிய அரசியல் கொலை வழக்குகளுள் ஒன்றில் தண்டிக்கப்பட்டவர்களில் சிறையிலோ முகாமிலோ எவரும் இல்லை என்ற நிலை அன்றுதான் ஏற்பட்டது. ஆனால், இந்தக் கொலைக்குத் திட்டமிட்டவர்கள், ஆணையிட்டவர்கள், களத்தில் நின்று நடத்தியவர்கள் ஆகியோரில் முதல் வரிசையினர் ஒருவர்கூட நீதிமன்றக் கூண்டில் ஏறவில்லை என்பது இவ்வழக்கின் விசித்திரம்.

பத்து படங்கள்

1991 மே 21ஆம் தேதி இரவு 10 மணியைக் கடந்த நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் பொதுக்கூட்டத் திடலில் தணு என்ற பெண் தன் இடுப்பில் கட்டியிருந்த வெடிகுண்டை வெடிக்கச் செய்தார். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியுடன், ஒன்பது காவல் துறையினர் உள்பட 15 பேர் மாண்டனர். 43 பேர் காயமடைந்தனர். தணுவும், அக்காட்சியைப் படமெடுக்க அமர்த்தப்பட்டிருந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவும் அங்கேயே இறந்தனர்.

ஹரிபாபு இறந்தார்; அவரது கேமரா தப்பியது. அதிலிருந்த பத்து படங்கள் இல்லாதிருந்தால் புலனாய்வு எத்திசையில் சென்றிருக்கும் என்று சொல்வதற்கில்லை. கையில் சந்தன மாலையுடன் தணு, வெள்ளை ஜிப்பாவில் செய்தியாளரைப் போலக் குறிப்பேட்டுடன் நிற்கும் ஒருவர் எனச் சதியின் முகங்கள் அந்தச் சுருளில் பதிந்திருந்தன. ஜிப்பா மனிதர்தான் 'ஒற்றைக்கண்' சிவராசன். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்ட சம்பவத்திலும் புலனாய்வுத் துறையினர் சுட்டிக்காட்டிய பெயர் அவருடையது.

மே மாதத் தொடக்கத்தில் சிவராசன் தலைமையில் ஒன்பது பேர் படகு மூலம் கோடியக்கரையில் வந்திறங்கினர். மே 7ஆம் தேதி சென்னையில் வி.பி. சிங் பேசிய கூட்டத்தில் ஒத்திகையும் பார்க்கப்பட்டது. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் அமைக்கப்பட்ட சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு, ஜூன் மாதத்தில் பாக்கியநாதன், பத்மா, பேரறிவாளன், நளினி, முருகன் என ஒருவர் பின் ஒருவராகக் கைது செய்தது. ஆயினும், சிவராசனும் தணுவின் தோழி சுபாவும் டேங்கர் லாரி ஒன்றில் மறைந்து கர்நாடக எல்லையைக் கடந்துவிட்டனர்.

கர்நாடகத்தில் முடிந்த வேட்டை

தேடுதலின் இறுதிக் கட்டம் முழுவதும் கர்நாடகத்தில் நிகழ்ந்தது. போரில் காயமுற்றுச் சிகிச்சைக்காக வந்திருந்த விடுதலைப் புலிகள் பலர் அங்கு மறைந்திருந்தனர். மைசூருவை அடுத்த மண்டியா மாவட்டத்தின் முத்தத்தி, பிருட்டா ஆகிய சிற்றூர்களில் ஆகஸ்ட் மாதம் போலீஸார் நெருங்கியபோது, அங்கிருந்தவர்கள் கழுத்தில் கட்டியிருந்த சயனைடு குப்பிகளைக் கடித்தனர். பலர் இறந்தனர்.

அதே நாள்களில் பெங்களூரின் புறநகரான கோணனகுண்டேயில் ஒரு வீடு சுற்றி வளைக்கப்பட்டது. ஆகஸ்ட் 18ஆம் தேதி இரவே முற்றுகை தொடங்கியபோதிலும், 20ஆம் தேதி காலையில்தான் அதிரடிப் படையினர் உள்ளே நுழைந்தனர். சிவராசன் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு கிடந்தார். சுபா, நேரு உள்ளிட்ட மற்ற அறுவரும் சயனைடு அருந்தி இறந்திருந்தனர். அன்றைய தினம் ராஜீவ் காந்தியின் பிறந்த நாள்.

முழுதாய் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்ததால் உயிருடன் பிடிக்கும் வாய்ப்பு நழுவியது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. குப்பியைக் கடிக்க விநாடிகள் போதும் என்பதால், விரைந்து நுழைந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்ற வாதமும் உண்டு. எப்படியாயினும், யாழ்ப்பாணத்தில் யார் என்ன கூறி அனுப்பினார் என்பதை நேரடியாக அறிந்தவரின் சாட்சியம் அந்த வீட்டோடு மறைந்துவிட்டது. இலங்கையிலும் இதுவே நேர்ந்தது. 1993 மே தின ஊர்வலத்தில் அதிபர் பிரேமதாசாவைக் கொன்ற மனித வெடிகுண்டு, அவரது இல்லப் பணியாளர்களிடம் நெடுநாள் பழகி நம்பிக்கை பெற்றிருந்த இளைஞர். அவரோடு அச்சதியின் நேர்சாட்சியும் அழிந்தது.

26 தூக்கு, பிறகு நான்கு

1992 மே 20ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகையில் 41 பேர் இடம்பெற்றனர். அவர்களில் 12 பேர் இறந்தவர்கள். பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா ஆகிய மூவர் தலைமறைவுக் குற்றவாளிகள். விசாரணைக்கு மிஞ்சியவர்கள் 26 பேர். 1998 ஜனவரி 28ஆம் தேதி பூந்தமல்லி தடா நீதிமன்றம் இந்த 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. வீடு கொடுத்தவருக்கும் வெடிகுண்டுக்கு உதவியவருக்கும் ஒரே தண்டனை என்ற அத்தீர்ப்பு நாட்டையே திகைக்க வைத்தது.

1999 மே 11ஆம் தேதி நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையது ஷா முகமது காத்ரி ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, இது தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் அல்ல என்று கூறி, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் ஆகியோருக்கு ஆயுள் தண்டனை. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கு உறுதியானது. நளினிக்குத் தூக்கு கூடாது என நீதிபதி தாமஸ் மட்டும் மாறுபட்டார்.

தடா குற்றம் பொருந்தாது என்ற நீதிமன்றம், தடா சட்டத்தின்கீழ் காவல் துறை அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. சாதாரணக் குற்ற வழக்கில் செல்லாத சான்று அது. பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது. அந்த பேட்டரிகள் எதற்கு என்பது தனக்குத் தெரியாது என்று அவர் கூறியதைத் தான் பதிவு செய்யாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகத் தெரிவித்தார். அதற்குள் பேரறிவாளன் தூக்குக் கைதியாகப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்திருந்தார்.

தில்லியில் உறங்கிய மனுக்கள்

நளினியின் தண்டனை, தமிழக அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்று ஆளுநர் பாத்திமா பீவியால் 2000 ஏப்ரல் 24ஆம் தேதி ஆயுளாகக் குறைக்கப்பட்டது. நளினியின் தூக்கை நிறைவேற்ற வேண்டாம் என்று சோனியா காந்தியும் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற மூவரின் கருணை மனுக்கள் தில்லிக்கு வந்தன.

உள்துறை அமைச்சகத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், குடியரசுத் தலைவர் மாளிகையில் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் என்று அவை கிடந்தன. கே.ஆர். நாராயணன், அப்துல் கலாம் ஆகியோரின் பதவிக் காலங்கள் முடிந்தன. வாஜ்பாய் ஆட்சி போய் மன்மோகன் சிங் ஆட்சி வந்தது. இரண்டு ஆட்சிகளிலும் தமிழகக் கட்சிகள் அமைச்சரவையில் அமர்ந்திருந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் மனுக்களை நிராகரித்தார். செப்டம்பர் 9 தூக்கு நாளாகக் குறிக்கப்பட்டது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிர் நீத்தார். ஆகஸ்ட் 30ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானத்தைத் தமிழக சட்டப்பேரவை அன்றே நிறைவேற்றியது.

இந்திரா காந்தி கொலை வழக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 1984 அக்டோபரில் நடந்த கொலைக்காக சத்வந்த் சிங்கும் கேஹர் சிங்கும் 1989 ஜனவரி 6ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர். விசாரணை, மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுகள் சில மாதங்கள்தாம். காந்தியடிகள் கொலையில் கோட்சேயும் ஆப்தேயும் இரண்டே ஆண்டுகளுக்குள் தூக்கிலேறினர்.

மூவரின் கழுத்திலிருந்து கயிறு இறங்கியதற்கு மைசூருவில் தொடங்கிய மற்றொரு வழக்கும் காரணம். 1993 ஏப்ரலில் பாலாற்றில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் பலியான வழக்கில், மைசூரு தடா நீதிமன்றம் 2001இல் சைமன், ஞானப்பிரகாசம், மீசைக்கார மாதையன், பிலவேந்திரன் ஆகியோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்குச் சென்ற அவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2004இல் அதைத் தூக்காக உயர்த்தியது.  அவர்களது கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கழித்து நிராகரிக்கப்பட்டது. 2014 ஜனவரி 21ஆம் தேதி, கருணை மனுவில் காரணமற்ற காலதாமதம் தூக்கைக் குறைக்கப் போதுமான காரணம் என்று கூறி, இந்நால்வர் உள்பட 15 பேரின் தண்டனையைத் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு ஆயுளாக்கியது. அதே தலைமை நீதிபதியின் அமர்வு பிப்ரவரி 18ஆம் தேதி அதே அளவுகோலைப் பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகியோருக்கும் பொருத்தியது.

மறுநாளே எழுவரையும் விடுவிப்பதாக முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். அதற்கு மறுநாள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் மத்திய அரசின் கருத்தே மேலோங்கும் என 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 9ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி அமைச்சரவை, அரசமைப்புச் சட்டத்தின் 161ஆவது பிரிவின்கீழ் ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது. ஆளுநர் மாளிகையில் அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 2021இல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. தில்லியில் தொடங்கிய காலதாமதம் கிண்டியைச் சுற்றி மீண்டும் தில்லிக்கே வந்து சேர்ந்தது.

அமைச்சரவையின் முடிவுக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர், குடியரசுத் தலைவருக்கு அனுப்ப அவருக்கு அதிகாரமில்லை என்று கூறிய உச்ச நீதிமன்றம், 142ஆவது பிரிவின்கீழ் பேரறிவாளனை 2022 மே 18ஆம் தேதி விடுவித்தது. நவம்பர் 11ஆம் தேதி மற்ற அறுவரும் விடுதலையாயினர். 19 வயதில் கைதான பேரறிவாளன் வெளியே வந்தபோது ஐம்பதை எட்டியிருந்தார். அவரது தாயார் அற்புதம்மாள் சிறை வாயில்களிலும் நீதிமன்ற வளாகங்களிலும் அலைந்த காலம் 31 ஆண்டுகள். இலங்கையர் நால்வருக்கோ சிறைக் கதவு திறந்ததும் திருச்சி சிறப்பு முகாமின் கதவு மூடியது. சாந்தன் ஊர் திரும்புவதற்காகக் காத்திருந்தது அங்கேதான்.

மறுபக்கத்தின் குரல்

தலைமறைவுக் குற்றவாளிகள் மூவரில் அகிலா 1995இல் போரில் மடிந்தார். பிரபாகரன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டார். அவர் மீதும் பொட்டு அம்மான் மீதுமான வழக்கு 2010இல் சென்னை தடா நீதிமன்றத்தில் முடித்துவைக்கப்பட்டது. ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997இல் குஜ்ரால் அரசையே கவிழ்த்தது. ஆனால், அது எழுப்பிய ஐயங்களை ஆராய 1998இல் அமைக்கப்பட்ட பன்னோக்கு ஒழுங்குக் கண்காணிப்பு முகமை புதிதாக ஒருவரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை.

2008 மார்ச் மாதம் பிரியங்கா வேலூர் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார். ராஜீவின் குடும்பம் மன்னித்ததாகவே பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால், ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். பாதுகாப்புப் பணியில் இருந்த காவலர்களின் குடும்பங்களிடம் எவரும் மன்னிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. விடுதலை அரசியல் கட்சிகளால் கொண்டாடப்பட்டபோது அவர்களுள் சிலர் வேதனையுடன் எதிர்த்தனர். கூட்டத்தில் தணுவை நெருங்கவிடாமல் தடுக்க முயன்று, குண்டு வெடிப்பில் படுகாயமடைந்து உயிர் பிழைத்த பெண் காவல் அதிகாரி அனுசுயா, அக்காயங்களின் தழும்புகளைக் காட்டி 2022இல் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தார். அறுவர் விடுதலையான ஆறாம் நாள் மத்திய அரசு மறு ஆய்வு மனு தாக்கல் செய்தது. உயிரிழந்தோரின் குடும்பத்தினர் சிலர் அதற்கும் முன்பே, எழுவர் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படிகளை ஏறியிருந்தனர்.